ரோஸ் ஒட்டுப் போட்ட குடை

ரயில்வே ஸ்டேஷன் மைக்கின் முன்னால் உட்காரப் போகிற தம்பிமாரே, தங்கைமாரே,

மைக்கை வாயிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும், எந்தப் பாஷையில் முதலில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பிளாட்பாரத்தில் எப்படி நடக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அதைப் பற்றிப் புத்தகத்தில் இல்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. ஜனங்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள், அதுவும் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

நான் வேலை பார்த்த ஜங்ஷனின் பெயரை எழுதவில்லை. இன்னும் பென்ஷன் வாங்குகிறவன். பம்பாயில் மெயின் லைனும் ஹார்பர் லைனும் சேருகிற இடம் என்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும். வருஷம் அறுபதுகளின் நடுவே. எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் குடியேறி, போர்ட்டராகச் சேர்ந்தேன். மைக்குக்கு வந்தது என் குரலால். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசித்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவரும் விழித்துக்கொள்வார். அந்தக் குரலில் நான் ஒருநாள் பிளாட்பாரத்தில் "ஓரமா நில்லு!" என்று கத்தியதை ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டுவிட்டார்.

மாஸ்டர் மாட்டுங்காவில் குடியிருந்த பாலக்காட்டுக்காரர். நெற்றியில் விபூதி, அதற்கு மேல் தொப்பி, முழங்காலில் வாதம். இரண்டு தண்டவாளத்துக்கு அப்பால் இருந்தும் என் சத்தம் அவர் காதில் விழுந்திருக்கிறது.

"ஓய் ஞானமுத்து, உம்ம தொண்டைக்கு மைக்கே வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டு என்னை மைக்கின் முன்னால் உட்கார வைத்தார்.

கர்த்தர் கொடுத்த குரல், வெள்ளைக்காரன் விட்டுப்போன மைக், இரண்டும் சேர்ந்தால் ஜனங்கள் கேட்பார்கள் என்று நானும் நம்பினேன். ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் பேரில் தப்பு இல்லை. சிக்னல் கேபினிலிருந்து போன் வரும், "ரெண்டாம் பிளாட்பாரம்" என்று. நான் சொல்வேன். சொல்லி வாய் மூடுவதற்குள் "மூணு" என்று வரும். நான் மாற்றிச் சொல்வேன். வண்டி நாலில் வந்து நிற்கும். மழைக்காலத்தில் லவுட்ஸ்பீக்கருக்குள் தண்ணீர் போய்விட்டால் என் குரல் கொப்பளிக்கிற மாதிரி இருக்கும். மூன்று பாஷையிலும் ஒரே கொப்பளிப்பு.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. வண்டி வருவதற்கு முன் அந்தப் பிளாட்பாரத்துக்குப் போய், விளிம்பில் நிற்கிறவர்களைப் பின்னால் தள்ள வேண்டும். கேபின்காரர் இனி மாற்றமில்லை, "பக்கா" என்று சொன்ன பிறகுதான் நான் எழுந்திருப்பேன். அதனால் என் வாய் எத்தனை தடவை மாற்றிச் சொன்னாலும் என் கால் ஒரே இடத்துக்குத்தான் போகும். இதை நான் கவனிக்கவில்லை. ஜனங்கள் கவனித்துவிட்டார்கள்.

கூட்டத்தில் என்னை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்பீர்கள். என் குடையை வைத்துத்தான். வெயிலானாலும் மழையானாலும் குடையில்லாமல் நான் வெளியே இறங்குவதில்லை. பம்பாயில் எல்லார் குடையும் கறுப்பு. என் குடை ஒரு கம்பியோரம் கிழிந்துபோய், என் வீட்டுக்காரி எஸ்தர் தன் ரவிக்கைத் துணியில் மிச்சமிருந்த ரோஸ் துண்டை ஒட்டுப் போட்டிருந்தாள்.

"கறுப்புத் துணி கிடைக்கலையா உனக்கு?" என்று கேட்டதற்கு, "கறுப்பு வச்சா ஒட்டு தெரியாதுல்லா? நான் தச்சேன்னு தெரியாண்டாமா?" என்றாள்.

தெரிந்தது. பம்பாய்க்கே தெரிந்தது.

எனக்கு இது புரிந்த நாளைச் சொல்லுகிறேன், சிரிக்கக் கூடாது. முந்தின நாள் கருவாட்டுக் குழம்பு வயிற்றைப் புரட்டிவிட்டது. மூன்றாம் பிளாட்பாரத்தின் கோடியில் கக்கூஸ். குடையோடு ஓடினேன். பின்னால் திடுதிடுவென்று சத்தம். நான் ஓட, பின்னால் ஒரு கூட்டமே ஓடி வருகிறது. யாரோ திருடனைத் துரத்துகிறார்கள் என்று நினைத்து, நான் உள்ளே புகுந்து தாழ்ப்பாள் போட்டேன். கதவைத் தட்டுகிறார்கள்.

"பாய் சாப்! காடி இதர் ஹி ஆயேகி நா?" வண்டி இங்கேதானே வரும் என்று கேள்வி.

"நஹி! ஏக் நம்பர் பே ஜாவ்!" என்று உள்ளேயிருந்தே கத்தினேன். ஒன்றாம் பிளாட்பாரத்துக்குப் போங்கள் என்று.

வெளியே ஒருவர் மற்றவர்களிடம் இந்தியில் சொல்வது கேட்டது: "மைக்கில் சொல்லவில்லை, நேரில் சொல்கிறார். பக்காவாக இருக்கும்."

அன்றிலிருந்து நான் பிளாட்பாரத்தில் ஓடியதில்லை. உங்களுக்கும் சொல்கிறேன், வயிறு எரிந்தாலும், வானம் இடிந்தாலும், யூனிபார்ம் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். நீங்கள் ஓடுவது உங்களுக்காக இருக்கலாம். பின்னால் ஓடி வருகிறவருக்கு அது தெரியாது.

ஜனங்களுக்கும் ஒரு பாடம் பழகிப் போயிருந்தது. அவசரக்காரர்கள் சிலர் என்னைத் தாண்டி முன்னால் ஓடுவார்கள். நான் பிளாட்பாரங்களுக்கு மேலே போகிற பாலத்தின் நடுவில் வேறு பக்கம் திரும்பிவிடுவேன். அவர்கள் தப்பான படியில் இறங்கி நின்று வண்டியைத் தவறவிடுவார்கள். கொஞ்ச நாளில் யாரும் குடையைத் தாண்டிப் போவதில்லை என்று ஆகிவிட்டது. பின்னால்தான் வருவார்கள். என் பெயர் யாருக்கும் தெரியாது. "சத்ரிவாலா" என்பார்கள், குடைக்காரன்.

இனி அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

காலையிலிருந்தே மழை. புதன்கிழமை என்றால் மாஹிம் மாதா கோயிலுக்குப் போகிற கூட்டம் வேறு. நான் அந்தச் சபை இல்லை, ஆனாலும் அந்த ஜனங்களின் கையில் இருக்கிற மெழுகுவர்த்திக் கட்டைப் பார்த்தால் எனக்கும் உள்ளுக்குள் ஒரு ஜெபம் வரும். ஆபீஸ் கூட்டம், மில் கூட்டம், கோயில் கூட்டம், எல்லாம் தாதர் பக்கம் போக வேண்டியது. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி வண்டிகள் அங்கங்கே நின்றுவிட்டன. இரண்டாம் பிளாட்பாரம் நிரம்பியது. அப்புறம் படிகள். அப்புறம் பாலம். பாலத்தின் நடுவில் நிற்பதுதான் புத்தி என்று எல்லாருக்கும் தெரியும், எந்தப் பக்கமும் இறங்கலாமே. எல்லாருக்கும் ஒரே புத்தி இருப்பதுதான் ஆபத்து.

அதற்குச் சற்று முன்தான் செம்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி எப்படியோ தவழ்ந்து நாலாம் பிளாட்பாரத்துக்கு வந்திருந்தது. அதை அனுப்பிவிட்டுத் திரும்பும்போது, நாலாம் பிளாட்பாரத்துப் படியில் பாதியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். நிறைமாதம். கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பக்கத்தில் புருஷன், கையில் ஒரு துணி மூட்டை.

வழியில் உட்கார்ந்தால் எப்படி என்று இந்தியில் ஆரம்பித்தேன்.

"அண்ணாச்சி, தமிழா?" என்றான். முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டான். "ஆஸ்பத்திரி அடுத்த ஸ்டேஷன்லதான். ரெண்டாம் பிளாட்பாரத்துக்குப் போவணும்னாவ. இவளால ஏற முடியல."

"எழும்ப முடியலண்ணே" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "எழும்புனா இங்கயே ஆயிரும்."

"இங்கயே இருங்க. வண்டி எதுல வருதுன்னு கேபின்ல கேட்டுட்டு வாரேன். அவளை விட்டு நகராதப்பா."

"எங்க நகர, அண்ணாச்சி? வேட்டியப் பிடிச்சிருக்கா."

யாரும் பின்னால் வராதபடி குடையை மடக்கிக்கொண்டு, பாலத்தைக் கடந்து ஒன்றாம் பிளாட்பாரத்தில் இருக்கிற என் அறைக்கு வருவதற்குள், எனக்குப் பின்னால் பாலம் ஜனங்களால் அடைபட்டுவிட்டது. அறையில் மைக் செத்துக் கிடந்தது. போன் அடித்தது. கேபின்காரர் பேசினார்: "ரெண்டில் தண்ணீர். தாதர் பக்கம் போகிற வண்டியை நாலில் எடுக்கிறேன். பக்கா."

முதலில் ஸ்தோத்திரம் என்றேன். அந்தப் பெண்ணுக்கு வண்டி அவள் காலடிக்கே வருகிறது, இதைவிட என்ன வேண்டும்? மறு நொடியில் பாலம் ஞாபகம் வந்தது. நான் குடையை எடுத்துக்கொண்டு நாலுக்கு நடந்தால், பாலத்தில் இருக்கிற அத்தனை பேரும் என் பின்னால் அந்த ஒரே படியில் இறங்குவார்கள். நனைந்த படி. நடுவில் அவள். நான் போகாவிட்டாலும், வண்டி நாலில் நுழைவதைக் கண்டதும் எல்லாரும் அதே படியில் பாய்வார்கள். அது இன்னும் மோசம்.

மாஸ்டர் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாகப் பாலத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"போலீஸ் ரெண்டு பேரை அனுப்பலாமோன்னா..."

"அந்த ரெண்டு பேரும் பாலத்துக்கு நடுவிலதான் மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க, சார்."

"மைக்?"

"செத்துப் போச்சு. உயிரோட இருந்தாலும் யாரு கேக்கா?"

"உம்ம பின்னாடிதானே வருவா?"

"என் பின்னால இல்ல சார். இது பின்னால" என்று குடையைக் காட்டினேன். காட்டும்போதுதான் எனக்கே அது விளங்கியது. "சார், நீங்க இதைப் பிடிச்சிட்டு ஒண்ணாம் பிளாட்பாரம் கோடிக்குப் போங்க. பாலம் இந்தப் பக்கம் காலியாகும். நான் தண்டவாளத் தண்ணிக்குள்ள இறங்கி அந்தப் பக்கம் போறேன். அவளை ஏத்திட்டுக் கை காட்டுறேன், அப்புறம் ஜனங்களைக் கூட்டிட்டு வாங்க."

"நானா?" மாஸ்டர் அந்த ரோஸ் ஒட்டைப் பார்த்தார். "ஸ்டேஷன் மாஸ்டர்யா நான். இதைத் தூக்கிண்டு..."

எனக்குள்ளும் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. அதைச் சொல்லியும் விட்டேன்.

"ஒரு சங்கடம் சார். இத்தனை நாளும் இந்தக் குடை ஜனங்ககிட்ட பொய் சொன்னதில்ல."

"மைக்ல தினம் சொல்றீரே, அது என்னவாம்?"

"அது ஆபீஸ் சொல்லச் சொன்னது."

"சரி, இதுவும் ஆபீஸ்தான் சொல்றது. தாரும் இங்கே." குடையைப் பிடுங்கிக்கொண்டார். வாசலில் நின்று திரும்பினார். "ஏன் ஓய், குடைக்கு வாயா இருக்கு பொய் சொல்ல? நான் மழையில நடக்கப் போறேன். வர்றவா வரட்டும்."

குடையை விரித்தார். ஒட்டு பாலத்தைப் பார்த்த மாதிரி திருப்பிப் பிடித்தார். நடந்தார். பாலத்தில் ஒரு குரல் எழுந்தது: "சத்ரிவாலா சலா! ஏக் நம்பர்! ஏக் நம்பர்!" குடைக்காரன் கிளம்பிவிட்டான், ஒன்றாம் நம்பர் என்று.

அணை திறந்த மாதிரிதான். ஆனால் ஒன்றாம் பிளாட்பாரத்துப் படி அகலம். குடை மெதுவாகப் போனதால் கூட்டமும் மெதுவாக வந்தது. தலையில் வெள்ளைத் தொப்பியும் உடம்பில் பொத்தான் போட்ட கோட்டும் இருப்பதை ஒருவராவது பார்க்க வேண்டுமே? இல்லை. குடைக்குக் கீழே யார் இருக்கிறார் என்பது அவர்களுக்கு ஒருநாளும் முக்கியமாக இருந்ததில்லை.

நான் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பிளாட்பாரக் கோடியில் ஊழியர்கள் கடக்கிற இடத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். கேபினில் சொல்லி எல்லா வண்டியையும் நிறுத்திய பிறகுதான் இறங்கினேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நாலாம் பிளாட்பாரத்தில் ஏறிப் பார்த்தேன். படி காலி. பெண் அப்படியே இருக்கிறாள். நானும் புருஷனும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி, ஒவ்வொரு படியாக இறக்கினோம். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே அவள் "ஆத்தா... ஆத்தா" என்பாள். புருஷன் அவளுக்கு மேல் அழுதான்.

"நீ எதுக்குல அழுதே? உனக்கா வலி?" என்றாள் அவள். அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. சண்டை போடுகிற பெண் சமாளித்துக்கொள்வாள்.

கேபினுக்குக் கை காட்டினேன். வண்டி நுழைந்தது. இங்கேதான் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒன்றாம் பிளாட்பாரத்தில் நிற்கிற கூட்டம் முழுக்க இந்த வண்டியைப் பார்க்கிறது. திரும்பி ஓடி வந்தால் பாலம் தாங்காது. "கர்த்தாவே, அவர்கள் காலைக் கட்டும்" என்று வாய்விட்டே ஜெபித்தேன்.

அந்தப் பக்கம் நடந்ததை மாஸ்டர் பிறகு எனக்குச் சொன்னார். வண்டியைக் கண்டதும் ஒருவன், "அரே, காடி சார் நம்பர் பே ஆ கயீ!" என்று கத்தியிருக்கிறான், நாலில் வந்துவிட்டது என்று. அவனுக்குப் பக்கத்தில் நின்ற பெரிய மனிதர், கண்ணாடி போட்டவர், படித்தவர், அவனை அடக்கியிருக்கிறார்: "காலி காடி ஹோகி. சத்ரி இதர் கடி ஹை." காலி வண்டியாக இருக்கும், குடை இங்கேதானே நிற்கிறது என்று. வண்டி நிறைய ஆள். ஜன்னல் வழியே தலைகள் தெரிகின்றன. ஆனாலும் குடை நின்றது, கூட்டம் நின்றது.

"காத்து குடையைப் பிடுங்கித்து ஓய்" என்றார் மாஸ்டர். "குடை ஆடினா இவா கிளம்பிடுவாளோன்னு ரெண்டு கையாலும் பிடிச்சுண்டேன். சுப்ரமண்யா, சுப்ரமண்யான்னு..."

அந்தப் படிக்கு நேரே வந்து நின்ற டப்பா, அதாவது பெட்டி, முதல் வகுப்பு. அதிலேயே ஏற்றினோம். உள்ளே இருந்த அம்மாள்கள் இருவர் எழுந்து இடம் கொடுத்தார்கள். கார்டிடம் ஓடவில்லை, நடந்துபோய், "கொஞ்சம் பொறு, மாஸ்டர் உத்தரவு" என்றேன். இனி மாஸ்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும். பச்சைக் கொடி காட்டினால் கார்டு வண்டியைக் கிளப்பிவிடுவார். சிவப்பு காட்டினால் மாஸ்டர் பயந்து அங்கேயே நிற்பார். எங்கள் சபையில் பாதிரி ஐயர் ஆசீர்வாதம் சொல்லும்போது தூக்குகிற மாதிரி இரண்டு கையையும் தூக்கினேன்.

மாஸ்டர் பார்த்துவிட்டார். குடை திரும்பியது. ஒன்றாம் பிளாட்பாரத்துப் படியில் ஏறியது.

அவருக்கு முழங்கால் வாதம் என்று சொன்னேனே. ஒரு படி ஏறி, நின்று, மறு காலை இழுத்து, அடுத்த படி. குடைக்குப் பின்னால் மொத்தக் கூட்டமும் ஒரு படி ஏறி, நின்று, அடுத்த படி. கலியாண ஊர்வலம்கூட அவ்வளவு ஒழுங்காக வந்து நான் பார்த்ததில்லை. ஒருவர் தாண்டவில்லை. ஒருவர் தள்ளவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது: "ஆஜ் சத்ரிவாலா லங்கடா கைசே ஹோ கயா?" இன்றைக்குக் குடைக்காரன் எப்படி நொண்டியானான் என்று.

அவருடைய வாதத்துக்கு மருந்து தேடி எத்தனை வைத்தியரிடம் போயிருந்தாரோ தெரியாது. அன்றைக்கு அது குணமாகாமல் இருந்ததற்காக நான் தேவனுக்கு நன்றி சொன்னேன்.

எல்லாரும் ஏறினார்கள். வண்டி போனது. மாஸ்டர் குடையை மடக்கி என் கையில் கொடுத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தார்.

"இத்தனை வருஷமா இந்தத் தொப்பியைப் போட்டுண்டு இங்கே நிக்கறேன். ஒருத்தன் என் பின்னாடி வந்ததில்லை. ஒரு ரோஸ் துணி!" என்றார். கோபமா, சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "உம்ம ஆத்துக்காரிகிட்ட சொல்லும், எனக்கும் தொப்பியில ஒண்ணு தச்சுத் தரணும்னு."

அந்தப் பெண்ணின் புருஷன் சில நாள் கழித்து வந்தான். கையில் ஜிலேபிப் பொட்டலம். "பொம்பளப் பிள்ள, அண்ணாச்சி. ரெண்டு பேரும் சொகம்" என்றான். "ஆனா நீங்க ஏத்திவிட்ட டப்பாவுல டி.சி. வந்துட்டான். ஃபர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட் எங்கன்னான். இவ ஒரு சத்தம் போட்டா பாருங்க! அவனே இறங்கி ஸ்ட்ரெச்சர் தூக்கிட்டு வந்தான்."

வண்டியை நாலாம் பிளாட்பாரத்தில் தாமதப்படுத்தியது ஏன் என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. மாஸ்டர் உள்ளது உள்ளபடி பதில் எழுதினார். குடையையும் விடவில்லை. பெரியவர்கள் வந்து பாலத்தைப் பார்த்தார்கள், படியைப் பார்த்தார்கள், என் குடையை வாங்கி விரித்துப் பார்த்தார்கள். கடைசியில் இரண்டு முடிவு எடுத்தார்கள். புது லவுட்ஸ்பீக்கர் வைப்பது. ஊழியர்கள் ஒட்டில்லாத முழுக் கறுப்புக் குடைதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. பாலம் அப்படியே இருந்தது.

எஸ்தர் முணுமுணுத்துக்கொண்டே ரோஸ் துண்டைப் பிரித்து, கறுப்பை வைத்துத் தைத்தாள். மறுநாள் ஜனங்கள் திண்டாடிப் போனார்கள். எனக்கே பாவமாக இருந்தது. ஒரு வாரம்தான். அப்புறம் என் நடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நடைக்கு உத்தரவு போட மேலிடத்துக்குத் தோன்றவில்லை.

தம்பிமாரே, தங்கைமாரே, உங்கள் காலத்தில் மைக் நன்றாக இருக்கிறது, எழுத்து ஓடுகிற பலகை இருக்கிறது. இருக்கட்டும். ஜனங்கள் அதையெல்லாம் கேட்டுவிட்டு, பார்த்துவிட்டு, கடைசியில் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பார்ப்பார்கள். உங்களைப் பெரிய ஆள் என்று நினைத்து அல்ல. அவர்களுக்கு வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். ஆகவே காலை எடுத்து வைப்பதற்கு முன், பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் படியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு எடுத்து வையுங்கள்.

போன வாரம் செம்பூரில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போக, நானும் எஸ்தரும் அதே ஜங்ஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வண்டி நுழைந்தது. நான் எழவில்லை.

"வண்டி வந்துட்டுல்லா? எழும்புங்க" என்றாள்.

"நிக்கட்டும். நிக்காம நான் எழும்ப மாட்டேன்."

"இன்னுமா? இப்ப உங்க பின்னால யாரு வரப் போறா?"

திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் எங்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். வண்டி நின்றது. எழுந்து நடந்தேன், மெதுவாகத்தான். பின்னால் எஸ்தர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கும் இப்போது முழங்காலில் வாதம்.